பன்னிரண்டு வீட்டுக் குருவி

சத்தியம்! இந்தப் பஸ் ஏறிக்கொண்டிருக்கிற மலை மேல் சத்தியம், மலை மேல் இருக்கிற மாரியாத்தா மேல் சத்தியம். போதாது என்றால் அதோ நிற்கிறாரே கண்டக்டர் தம்பி, அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து, ஒரு கால், ஒரு கொம்பு பொய் கிடையாது!

"பெருசு, என் தலையை விடுங்க. இப்பத்தான் பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க" என்கிறார் பாருங்கள். பயப்படுகிறார். பொய் சொல்கிறவன் சத்தியம் செய்தால்தானே தலை போகும்? நான் சொன்னால் முடி நன்றாக வளரும்.

உங்கள் கழுத்தில் தொங்குகிற பைனாகுலரைப் பொள்ளாச்சியிலேயே பார்த்துவிட்டேன் தம்பி. மடியில் படம் போட்ட புத்தகம். அதில் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே வருகிறீர்கள். நீலக்குருவி. 'நீலகிரி ஈப்பிடிப்பான்' என்று போட்டிருக்கிறது. இதைத் தேடித்தானா இவ்வளவு தூரம்? தம்பி, அது என் வீட்டு விட்டத்தில் குடியிருந்த குருவி. அது எனக்குக் குடித்தனமா, நான் அதற்குக் குடித்தனமா என்பதுதான் இப்போது கோர்ட்டில் நடக்கிற வழக்கே. நாற்பது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. இப்போதுதான் ஐந்தாவது. கேளுங்கள்.

என் பெயர் சுடலையாண்டி. குதிரைப்பாறை எஸ்டேட், மேல் டிவிஷன், ஆறாம் நம்பர் வீடு. முப்பத்தொன்பது வருஷம் கவாத்துக்காரன். தேயிலைச் செடியை நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம் இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவதுதான் கவாத்து. வெட்டாவிட்டால் அது மரமாகிவிடும். செடி மரமானால் கொழுந்து கைக்கு எட்டாது. தொழிலாளி மரமானால் கம்பெனிக்கு எட்டமாட்டான். அதனால் இரண்டு பேரையும் வேர்விடாமல் பார்த்துக்கொள்வார்கள்.

வெட்டு என்றால் கண்டபடி வெட்டு இல்லை. சாய்வெட்டு. வெட்டின இடத்தில் மழைத்தண்ணீர் நின்றால் தண்டு அழுகிப்போகும். அதனால் கத்தியைச் சரித்து ஒரே இழுப்பு. என் வாழ்நாளில் ஒரு கோடி தண்டு வெட்டியிருப்பேன். சரியாகச் சொன்னால் ஒரு கோடியே மூன்று. என் கைக்கு நேர்வெட்டு வராது. வெண்டைக்காய் நறுக்கினாலும் சாய்வாகத்தான் விழும். நாங்கள் வெட்டிவிட்டுப் போன பிறகு பெண்கள் வந்து தண்டில் படிந்த பாசியைச் சாக்குத் துணியால் தேய்த்து எடுப்பார்கள். என் மனைவி பிச்சம்மாளுக்கு முப்பது வருஷம் அந்த வேலைதான். சும்மா தேய்க்கிற வேலை. அதில் என்ன பெரிய சாமர்த்தியம்.

ஐம்பத்தெட்டு முடிந்தால் ரிட்டையர். ரிட்டையர் என்றால் வீட்டைக் கொடு. மேனேஜர் தொரை என்னைக் கூப்பிட்டு, "சுடலை, சொந்த ஊருக்குப் போய் நிம்மதியா இரு" என்றார்.

"சொந்த ஊரு எது தொரை?"

"ரெக்கார்டுல கடையநல்லூர்னு இருக்கே."

"அது எங்க தாத்தா ஊரு. நான் பொறந்தது ஆறாம் நம்பர் வீட்டுல. கடையநல்லூர்ல என்னைத் தெரிஞ்ச நாய் ஒண்ணு கிடையாது தொரை. தெரியாத நாய்தான் நிறைய இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. எங்கள் லயனில் பன்னிரண்டு வீடு. வரிசையாக, முதுகோடு முதுகு உரசாமல் தோளோடு தோள் உரசி நிற்கும். நடுவில் ஒற்றைச் சுவர், மேலே ஒரே தகரக் கூரை. பின்னால் பத்தடி கொல்லை, அதற்கு அப்பால் சோலைக்காடு. அந்தப் பன்னிரண்டிலும் ரிட்டையர் ஆனவர்களும் ஆகப்போகிறவர்களும்தான். பெரிய பட்டணத்து ஆட்கள் வந்து தங்க அங்கே சொகுசு வீடு கட்டப்போகிறார்களாம். உங்களைப் போன்றவர்கள் தங்கத்தான் தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள், முறுக்கு சாப்பிடுங்கள்.

பங்குனி மாசம் பன்னிரண்டு கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கூரையைக் கழற்றுவோம். பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் அழுதாள். ஜைத்தூன் பீவி சட்டிபானையை அடுக்க ஆரம்பித்தாள். வெள்ளத்தாய் மட்டும் நோட்டீஸைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்தாள். நான் என்ன செய்தேன்? கொல்லையில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து யோசித்தேன். ஆண்பிள்ளை யோசிக்க வேண்டும் அல்லவா.

யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது.

நீலம் என்றால் எந்த நீலம் என்று கேளுங்கள். புத்தகத்தில் இருக்கிற நீலம் அச்சுக்காரன் நீலம். அது வேறு. மழை விட்ட மறுநாள் காலையில், வெயில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், தூரத்து மலைக்கு ஒரு நீலம் இருக்குமே, அது. அளவு? என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு. நாங்கள் அதற்கு வைத்த பேர் தொரைக்குருவி. ஏனென்றால் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து நிமிர்ந்து உட்காரும். சுற்றிலும் பார்க்கும். ஓர் ஈ அந்தப் பக்கம் போனால் ஒரே பாய்ச்சல், 'டக்' என்று பிடித்துக்கொண்டு திரும்பவும் அதே கிளைக்கு, அதே இடத்துக்கு வந்து உட்காரும். மேனேஜர் எங்களைப் பிடிக்கிற மாதிரியே. ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை எண்ணினேன். ஆயிரத்து நானூற்றுப் பதினேழு பூச்சி. பதினெட்டாவதைப் பிடிக்கும்போது எனக்குத் தும்மல் வந்துவிட்டது, கண்ணால் பார்க்காததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். பொய் சொல்கிறவனாக இருந்தால் இரண்டாயிரம் என்று சொல்லியிருக்க மாட்டேனா?

பெட்டைக்கு அந்த நீலம் கிடையாது. மங்கல். துவைத்துத் துவைத்து வெளுத்த சேலை மாதிரி. அதைப் பார்க்க யாரும் பஸ் ஏறி வரமாட்டார்கள். ஆனால் தம்பி, வேடிக்கையைக் கேளுங்கள். என் வீட்டுப் பின்பக்க விட்டமும் சுவரும் சேர்கிற மூலையில் கூடு கட்டத் தொடங்கியதே, கட்டியது முழுக்க அவள்தான். வாயில் பாசியோடு சோலைக்கும் விட்டத்துக்கும் நாளைக்கு நூறு நடை. தொரை என்ன செய்தார் தெரியுமா? எதிரே கொய்யாக் கிளையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடினார். ஏதோ அவர் பாட்டுக்குப் பாசி தானாக நடந்து வருகிற மாதிரி! அவள் மூன்றாவது நாள் கூட்டை முடித்தபோது அவர் பாட்டு இன்னும் பெரிதாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பிச்சம்மாள் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் காட்டினேன். "இந்தப் பயலைப் பாரு. வேலை ஒண்ணு கிடையாது, வாய் மட்டும்."

அவள் குருவியைப் பார்த்தாள். கட்டிலில் இருந்த என்னைப் பார்த்தாள். "காலைத் தூக்குங்க, பெருக்கணும்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு மூளையில் பொறி தட்டியது. மறுநாளே ரேஞ்சர் ஆபீசுக்குப் போனேன். ரேஞ்சர் தங்கப்பழம் நம்ம தெற்குப் பக்கத்து ஆள், நல்ல மனுஷன், கொஞ்சம் சோம்பேறி.

"சார், என் வீட்டுல ஆக்கிரமிப்பு."

"யாருய்யா?"

"உங்க டிபார்ட்மெண்டு ஆளு. காட்டுக் குருவி. ஜோடியா வந்து விட்டத்துல கூடு கட்டிருச்சு. பிடிச்சிட்டுப் போங்க, இல்லாட்டி அதுக்குப் பாதுகாப்பு குடுங்க. நாளைக்குக் கம்பெனிக்காரன் கூரையைப் பிரிச்சு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்மேல கேசு வரக் கூடாது. அதான் முன்கூட்டியே சொல்லிட்டேன்."

வந்து பார்த்தார். தாய் உட்கார்ந்திருந்தது. பாசிக் கிண்ணத்துக்கு மேலே அலகும் வாலும் மட்டும் தெரிந்தது. ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிவிட்டார் தம்பி, கோவிலுக்குள் வந்த மாதிரி. கம்பெனி ஒட்டிய நோட்டீசுக்கு மேலேயே அவர் காகிதத்தை ஒட்டினார்: 'இவ்விடத்தில் வனப்பறவை அடைகாத்து வருகிறது. கூட்டையோ கூடு உள்ள கட்டடத்தையோ சேதப்படுத்துவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அந்தக் காகிதத்தை மட்டும் மனப்பாடமாகச் சொல்வேன்.

கூரை ஒன்று. ஒரு தகரத்தைக் கழற்றினால் பன்னிரண்டு வீடும் ஆடும். அதனால் என் கதவுக்கு வந்த காகிதம் லயனுக்கே வந்த காகிதம். மேனேஜர் தொரை ஜீப்பில் வந்து பார்த்தார்.

"இது எத்தனை நாளைக்கு?"

"உங்க பேப்பர் பதினஞ்சு நாளு தொரை. இது குஞ்சு பறக்குற வரைக்கும்."

"எப்பப் பறக்கும்?"

"அது அதுக்குத் தோணும்போது."

நன்றாகச் சொன்னேன் அல்லவா? எதிரே நிற்பது மேனேஜர் என்றுகூடப் பார்க்கவில்லை. கட்டிலைவிட்டு எழுந்திருக்கவும் இல்லை.

இதுவரை எல்லாம் வெற்றி. ஆனால் குருவி நம் கட்சி இல்லையே தம்பி, அது அதன் கட்சி. பன்னிரண்டு பதின்மூன்று நாளில் குஞ்சு பொரித்துவிட்டது. இரண்டு. கண் திறக்காத, முடி முளைக்காத இரண்டு சிவப்பு வாய். தாய் நிமிஷத்துக்கு ஒரு பூச்சி கொண்டுவரும். திரும்பிப் போகும்போது குஞ்சின் எச்சத்தைக்கூட அலகில் கவ்விக்கொண்டுபோய் வெளியே போடும். கூட்டுக்குள் ஒரு சொட்டு அழுக்கு இருக்காது. தொரையும் கொண்டுவருவார், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு பூச்சி கொடுப்பார், பத்து நிமிஷம் பாடுவார்.

குஞ்சுக்கு நாளுக்கு நாள் இறகு முளைத்தது, நான் நாளுக்கு நாள் கூரைத் தகரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். இது பறந்தால் கூரை போகிறது. ஒரு நாள் காலை விட்டத்துக்குக் கீழே நின்று கும்பிட்டே விட்டேன்: "சாமி, பறக்காதீங்க. ரெண்டு மாசம் உக்காந்து சாப்பிடுங்க."

பின்னால் பிச்சம்மாள் நின்றிருக்கிறாள். "புள்ளை நடக்கக் கூடாதுன்னு வேண்டுற மனுஷனை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"நமக்கு வீடு வேணாமா?"

"வேணும். அதுக்கு அது ஏன் நொண்டணும்?"

அடுத்த வாரம் இரண்டும் கொய்யாவுக்குத் தத்தின. கொய்யாவிலிருந்து வேலிக்கு. வேலியிலிருந்து சோலைக்கு. போயே போய்விட்டன. திரும்பிப் பார்க்கவில்லை. கூடும் ஒரு காற்றில் விழுந்து சிதறிவிட்டது.

வைகாசி பாதி. மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மழை இறங்கிவிட்டால் எங்கள் மலையில் புரட்டாசி வரை யாரும் கூரையில் கை வைக்க மாட்டார்கள். அது கம்பெனியின் சட்டமே. ஆட்கள் வழுக்கி விழுந்து செத்திருக்கிறார்கள். ஆக, மூன்று வாரத்தை ஓட்டினால் நாலு மாசம் சும்மா கிடைக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு குருவி வேண்டும். குருவி இல்லையா? கூடு போதும். கூடு இல்லையா? கை இருக்கிறதே!

நானே கட்டினேன். சோலையில் போய்ப் பாசி, பெரணி நார், மெல்லிய வேர் எல்லாம் எடுத்து வந்தேன். குருவி பார்த்தால் அதற்கே வெட்கம் வந்துவிடும், அவ்வளவு அழகு. முட்டை? மைதா மாவைப் பிசைந்து உருட்டி, டீத்தண்ணியில் நனைத்து எடுத்தால் வெளிறிய நிறம் தானாக வந்தது. அசல் முட்டையில் தடித்த பக்கம் செம்புள்ளி இருக்கும். குங்குமத்தைத் தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்தேன். பிச்சம்மாளிடம் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"இது குருவி முட்டையா, பிள்ளையார் சதுர்த்தியா?" என்றாள்.

பொறாமை. விட்டத்தில் வைத்துவிட்டு, ரேஞ்சருக்குச் சொல்லி அனுப்பினேன்: குருவி மறுபடி முட்டையிட்டுவிட்டது.

மனுஷன் தனியாக வந்திருந்தால் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். கூடவே ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். பெயர் பர்வீன். குருவியைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளை. குச்சி நுனியில் சின்னக் கண்ணாடி கட்டி வைத்திருந்தது. அதை விட்டத்துக்கு நீட்டிப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

"தாத்தா, நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"கவாத்து. முப்பத்தொம்பது வருஷம்." நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"அதான். இந்தக் கூட்டுல ஒவ்வொரு நாரும் நுனியில சாய்வா வெட்டியிருக்கு. விளிம்பு மட்டம் வச்ச மாதிரி இருக்கு. குருவி பிய்க்கும் தாத்தா, வெட்டாது. அதுகிட்ட கவாத்துக் கத்தி கிடையாது."

நான் விடுவேனா? "பாத்துக் கத்துக்கிட்டிருக்கும்மா! முப்பத்தொம்பது வருஷம் வேலியில உக்காந்து என் வேலையைத்தானே பாத்துச்சு?"

ரேஞ்சர்கூட ஒரு நிமிஷம் யோசித்தார். சத்தியமாக யோசித்தார். அந்த நேரம் பார்த்து எறும்பு வரிசை ஒன்று முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டு சுவரில் இறங்கிவந்தது தம்பி. குங்குமப் புள்ளியோடு.

பர்வீன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. "எனக்குப் பொய் எழுத வராது தாத்தா" என்றது. ரேஞ்சர் கதவிலிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். கீழே இருந்த கம்பெனி நோட்டீஸ் புதுசு மாதிரி பல்லைக் காட்டியது. மேனேஜருக்கு அன்றைக்கே செய்தி போய்விட்டது. திங்கட்கிழமை காலை கூரையைப் பிரிக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்.

போகிறதுக்கு முன்னால் பிச்சம்மாள் அந்தப் பிள்ளையை உட்காரவைத்து டீ கொடுத்தாள். ஒரு மணி நேரம் பேச்சு. ஒரு கூடு முடிஞ்சா மறுபடியும் கட்டுமா, மழைக்கு முன்னாடி கட்டுமா, கட்டின உடனே முட்டை போடுமா, நாள் கழிச்சா, ஆள் கிட்டப் போய்ப் போய்ப் பாத்தா என்ன செய்யும், விட்டுட்டுப் போயிருமா என்று. பெண்கள் பேச்சு. நான் காது கொடுக்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது.

என்ன வேலை? ஞாயிற்றுக்கிழமை முழுக்க டீக்கடையில் உட்கார்ந்து பேசினேன். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை, இடையில் ஒரு தரம்தான் எழுந்தேன். "எவன் வந்து கூரையைத் தொடுறான்னு பாத்துருவோம்! இது என் மண்ணு! என் கத்தி பட்ட செடி!" என்று பேசினேன். டீக்கடைக்காரனே கண் கலங்கிவிட்டான். நான் இவ்வளவு பாடுபட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் சும்மா முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லார் நகக்கண்ணிலும் பச்சை. கீரை ஆய்ந்திருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கீரை இல்லை. ரசம்தான்.

இது எத்தனையாவது வளைவு? இருபத்தெட்டா? நேரம் இருக்கிறது. ஜன்னலை மூடிக்கொள்ளுங்கள், மஞ்சு இறங்குகிறது. அன்றைக்கும் இப்படித்தான். கை நீட்டினால் விரல் தெரியாத மஞ்சு. மேனேஜர் ஜீப், கூரை பிரிக்க ஆறு ஆள், சாட்சிக்கு ரேஞ்சர். வந்த ஆறு பேரும் என்னோடு கவாத்து வெட்டின பயல்கள். என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்றாம் நம்பர் வீட்டுப் பின்பக்கம் ஏணியைச் சாய்த்தார்கள். ஏறின பயல் அப்படியே நின்றுவிட்டான்.

"தொரை, இங்க கூடு இருக்கு."

"பிச்சு எறி. அந்தக் கிழவன் வேலை."

"ரெண்டாம் நம்பர்லயும் இருக்கு தொரை" என்றான் இன்னொருவன்.

மூன்றில் இருந்தது. நாலில் இருந்தது. பன்னிரண்டு வீட்டு விட்டத்திலும் பாசிக் கூடு, தம்பி! ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒன்று சாய்ந்து, ஒன்று சப்பையாக, ஒன்றில் நார் பிதுங்கி. ஒரு வெட்டு இல்லை. எல்லாம் கையால் பிய்த்த பாசி. எனக்கே ஒரு கணம் தலை சுற்றியது. மலைக்குருவி எல்லாம் என் பேச்சைக் கேட்டுவிட்டு வந்துவிட்டதா என்று.

மேனேஜர் ரேஞ்சரைப் பார்த்தார். ரேஞ்சர் கூட்டைப் பார்த்தார். "முட்டை இல்லையே" என்றார்.

பிச்சம்மாள் முன்னால் வந்தாள். "கட்டின மறுநாளே முட்டை போடுமா சார்? கல்யாணத்துக்கு மறுநாளே தொட்டில் கட்டுற குடும்பமா அது? நாலு நாள் கழிச்சுத்தான் போடும். படிச்ச பொண்ணு சொல்லுச்சு."

"எல்லாம் பொய்க் கூடு" என்று கத்தினார் மேனேஜர். "நடிப்பு! பிரிங்கடா கூரையை!"

அப்போதுதான் அது நடந்தது. இப்போதும் சொல்கிறேன், மாரியாத்தா மேல் சொல்கிறேன். கூரைக்கு அடியிலிருந்து ஒரு குருவி, மங்கலான பெட்டை, 'சிட்' என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு ரேஞ்சர் காதுக்குப் பக்கத்தில் பாய்ந்து மஞ்சுக்குள் மறைந்தது. எல்லாரும் பார்த்தோம். எதிரே, மஞ்சுக்குள் எங்கேயோ, கொய்யா இருக்கிற திசையில், நம்ம குருவித் தொரை பாட ஆரம்பித்தார்.

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றினார். "எந்த வீட்டுல இருந்து வந்துச்சு?"

ஒருவருக்கும் தெரியவில்லை. மஞ்சு.

"எங்க வீட்டுல இருந்துதான் சார்" என்றாள் மரியபுஷ்பம்.

"யா அல்லா, என் வீட்டுல இருந்துதான் வந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்" என்றாள் ஜைத்தூன் பீவி.

"ஏட்டி, என் வீட்டுக் குருவியை உன் வீட்டுக் குருவிங்கிற?" என்று வெள்ளத்தாய் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு பெண்களும் அவரவர் வீட்டு வாசலில் நின்று அடித்துச் சொன்னார்கள். சண்டை என்றால் சண்டை, கூரை பிரிக்க வந்த பயல்கள் ஏணியோடு பின்வாங்கினார்கள்.

"ஒவ்வொரு கூடா ஏறிப் பாருங்க. எதுல முட்டை இருக்கோ அதுதான்" என்றார் மேனேஜர்.

ரேஞ்சர் ஏணியில் ஒரு காலை வைத்தார். பிச்சம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "பாருங்க சார். ஆனா தொந்தரவு பண்ணினா தாய் விட்டுட்டுப் போயிருமாம். அப்படிப் போச்சுன்னா கேசு யார் மேல சார், ஏணி கொண்டாந்தவங்க மேலயா, ஏறினவங்க மேலயா? சும்மா கேக்குறேன். எனக்குச் சட்டம் தெரியாது."

ரேஞ்சர் காலை எடுத்துவிட்டார். சோம்பேறி என்று சொன்னேனே, அது தப்பு. நிதானமான மனுஷன். பையைத் திறந்து காகிதத்தை எடுத்தார். பன்னிரண்டு கதவுக்கும் பன்னிரண்டு காகிதம். பசை வேண்டும் என்றார். பிச்சம்மாள் அடுப்பிலிருந்து ஒரு சட்டி மைதாப் பசையை இறக்கிக்கொண்டுவந்தாள், சூடாக. அதை ஏன் காலையிலேயே காய்ச்சி வைத்திருந்தாள் என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. நம்ம அதிர்ஷ்டம்.

பதினோராம் நாள் மழை பிடித்தது. பிறகு யார் கூரையைத் தொடுவது? அந்த நாலு மாசத்தில் ஒரு வக்கீல் கிடைத்தார். கோர்ட்டில் தடை வாங்கியாயிற்று. கம்பெனி திண்டாடுகிறது. ஊர் முழுக்க என் பேர். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேசின பேச்சுதான் பெண்களுக்கு ரோஷம் கொடுத்தது என்று டீக்கடைக்காரன் சொல்கிறான். நான் சொல்லச் சொல்லவில்லை. அவனாகத்தான் சொல்கிறான்.

ஒரு விஷயம் மட்டும் முள் மாதிரி இருக்கிறது. அந்தக் குருவி எந்தக் கூட்டில் இருந்தது? அவர்கள் செய்துவைத்த ஒன்றில் ஏறி உட்கார்ந்ததா? பன்னிரண்டில் ஒன்று அதுவே கட்டியதா? பிச்சம்மாளுக்குத் தெரியும். ஆனியில் அவள் ஒரே ஒரு வீட்டுப் பின்பக்கம் யாரையும் துணி காயப்போட விடவில்லை என்று கேள்வி. எந்த வீடு என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. அவளைக் கேட்டேன். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணின புருஷனிடம் அவள் சொல்கிற பதிலைக் கேளுங்கள்: "உங்ககிட்ட சொல்றதும் பஸ் ஸ்டாண்டு மைக்ல சொல்றதும் ஒண்ணு." எப்படி இருக்கிறது? நான் யாரிடம் என்ன சொன்னேன்?

இன்றைக்கு வாய்தா. அங்கே போய்விட்டுத்தான் வருகிறேன். கம்பெனி வக்கீல் கறுப்புக் கோட்டு போட்ட அண்டங்காக்கை மாதிரி நின்றுகொண்டு, "அந்தக் கூடுகள் எல்லாம் மனிதர்கள் செய்தவை என்பது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார். நான் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் நீதிபதி, "மனுதாரர் பதில் சொல்லட்டும்" என்றுவிட்டார். மனு பிச்சம்மாள் பெயரில் இருக்கிறது. என் பெயரில் போட்டால் வாய்தாவுக்கு ஒரு கதை சொல்வேனாம், வக்கீல் பயந்துவிட்டார்.

அவள் கூண்டில் ஏறிக் கும்பிட்டாள். "ஐயா, நாங்க முப்பது வருஷமா அந்த மலையில பாசி எடுத்தவங்க. குருவியும் அந்தப் பாசியைத்தான் எடுக்குது. யார் கட்டினா என்னங்கையா? முட்டை போட்டுப் பொரிக்கிற எடம் வீடுதானே? அதுக்கு ஒரு மாசம் வீடுன்னா பிரிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. எங்களுக்கு மூணு தலைமுறை. எங்களுக்கு என்ன சட்டம் இருக்குன்னு கேக்கத்தான் வந்தோம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீர்ப்பு சொல்லவில்லை. சித்திரை மாசம் தானே நேரில் வந்து லயனைப் பார்ப்பதாகச் சொன்னார். அதுவரை ஒரு தகரத்தையும் யாரும் தொடக் கூடாது என்று எழுதினார். சித்திரை! குருவி கூடு கட்டுகிற மாசம்! தேதியைக் குறித்தவருக்கு அது தெரியுமோ தெரியாதோ. வரட்டும். நீதிபதியும் வரட்டும், மேனேஜரும் வரட்டும், ஏணியும் வரட்டும். பன்னிரண்டு கதவும் திறந்துதான் இருக்கும். நாங்கள் எங்கேயும் போகிறதாக இல்லை.

முப்பத்தொன்பதாவது வளைவா? அடடா. தம்பி, பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு நீங்கள் தாராளமாக வாருங்கள், கொய்யாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், அது உங்களைப் பார்த்து ஒரு பாட்டுப் பாடும். ஆனால் ஒன்று. பாசி, மைதா, பச்சை நகம், பன்னிரண்டு கூடு, இதெல்லாம் யார் சொன்னார்கள் என்று எவர் கேட்டாலும் என் பெயர் உங்கள் வாயில் வரக் கூடாது. ரேஞ்சர் கேட்டாலும், வக்கீல் கேட்டாலும், இந்தக் கண்டக்டர் கேட்டாலும். முக்கியமாக, அதோ டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம், கோர்ட்டுக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு முதல் வளைவிலிருந்து தூங்கிக்கொண்டு வருகிறாளே, அந்த அம்மாள் கேட்டால்.

எழுந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கிறாள்.

தம்பி, நாம் மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.